வண்ணச் சிக்லிட்கள்: எந்த மீனோடு எந்த மீனைச் சேர்க்கலாம்?

சென்னையில் வண்ணமீன் வாங்குவோர் தேடிப் போகும் கொளத்தூர்க் கடைகளில், ஆப்பிரிக்கச் சிக்லிட் குஞ்சுகள் நிறைந்த தொட்டியின் முன்னால் நிற்காமல் கடந்து போவது கடினம். மஞ்சள், நீலம், ஆரஞ்சு, ஊதா என்று இரண்டு அங்குல மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு நீந்தும்; அவற்றுக்குள் பெரிதாகச் சண்டையும் தெரியாது. அதைப் பார்த்து நிறத்துக்கு ஒன்றாகப் பொறுக்கி எடுத்து வந்து, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஏஞ்சல், கப்பி, டெட்ரா மீன்களோடு விட்டுவிடுகிறார்கள். சில மாதங்களில் கப்பிகள் காணாமல் போகின்றன, ஏஞ்சலின் துடுப்புகள் கிழிகின்றன, முடிவில் ஒரே ஒரு மீன் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை மேல் மூலையில் ஒடுக்கி வைத்துவிடுகிறது. கடைத் தொட்டியில் சண்டை தெரியாததற்குக் காரணம், அங்கே எல்லாமே குஞ்சுகள் என்பதும், அந்த நெரிசலில் எந்த மீனாலும் ஓர் இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது என்பதும்தான். வீட்டில் அவை வளர்கின்றன, இடம் கிடைக்கிறது, இனப்பெருக்கப் பருவமும் வந்துவிடுகிறது. ஆகவே சிக்லிட் வாங்கும்போது நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர், அடுத்து மீன் முழுதாக வளரும்போது எட்டும் அளவு, அதன்பின் அதன் குணம் என்று பார்த்துக்கொண்டு வந்தால், கடைசியில் மிஞ்சும் இனங்களிலேயே கண்ணுக்கு வேண்டிய நிறங்கள் எல்லாம் கிடைத்துவிடும்.

ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன், பேரட் என்று நாம் தனித்தனிப் பெயரில் அறிந்திருக்கும் மீன்கள் அனைத்தும் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று நம் ஏரிகள் எங்கும் பரவிக் கிடக்கும் ஜிலேபி மீனும் இதே குடும்பம்தான். வாழும் கண்டமும் உருவ அளவும் இவ்வளவு வேறுபட்டாலும், இந்தக் குடும்பத்தின் மீன்களுக்குச் சில பொதுக் குணங்கள் உண்டு. ஓர் இடத்தைத் தன் எல்லையாக வகுத்துக்கொண்டு காவல் காப்பது, முட்டையையும் குஞ்சையும் கைவிடாமல் வளர்ப்பது, எதிரில் இருக்கும் மீனைப் பார்த்து அது துணையா எதிரியா என்று முடிவு செய்வது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. சிக்லிட் சண்டைக்காரன் என்று பெயர் எடுத்ததற்குக் காரணம், பெரும்பாலும் அது நல்ல பெற்றோராக இருப்பதுதான். முட்டையிட்ட ஜோடிக்குத் தொட்டியில் உள்ள மற்ற அனைவரும் திருடர்களாகவே தெரிவார்கள்.

துணையா எதிரியா என்ற அந்த முடிவில் நிறத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. ஆப்பிரிக்க ஏரிச் சிக்லிட்களில் பளிச்சென்ற நிறம் பெரும்பாலும் ஆணுக்கே உரியது. பெண் மீன் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் தன் இனத்து ஆணை அடையாளம் காண்கிறது. விக்டோரியா ஏரியில் நீர் கலங்கிப்போன பகுதிகளில் நிறங்கள் மங்கி, பெண் மீன்களுக்கு அந்த அடையாளம் தெரியாமல், இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன என்று ஓலே சீஹவுசனும் உடன் ஆய்வாளர்களும் 1997-ஆம் ஆண்டு எழுதினார்கள். பெண்ணுக்கு அடையாளமாக இருக்கும் அதே நிறம் மற்றோர் ஆணுக்கு அறைகூவலாகிறது. தன்னைப் போலவே நீலமாகவும் கோடு போட்டும் இருக்கும் ஆணைத்தான் ஒரு நீல ஆண் முதலில் துரத்தும். அருகில் போகும் மஞ்சள் மீனை அது அவ்வளவாகப் பொருட்படுத்தாது. ஆகவே ஒரே தொட்டியில் வைக்கும் இனங்களின் நிறமும் கோட்டு அமைப்பும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அவ்வளவுக்குச் சண்டை குறையும். நீல மீன்கள் பிடிக்கும் என்பதற்காக நான்கு நீல இனங்களை ஒன்றாகச் சேர்ப்பவர் தம் தொட்டியில் ஓயாத போரையே வரவழைத்துக்கொள்கிறார்.

இனி தண்ணீருக்கு வருவோம், ஏனென்றால் சென்னையில் எந்தச் சிக்லிட்டை வளர்க்கலாம் என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது அதுவே. ஒரே வீட்டில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கோடையில் லாரித் தண்ணீரும் மாறி மாறி வருவது இங்கே வழக்கம். மெட்ரோ தண்ணீரிலும் புழல், செம்பரம்பாக்கம் போன்ற ஏரிகளின் நீர், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடலிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் நீர் என்று பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மூலம் மாறுபடும். அதில் குளோரின் இருப்பதால், குளோரின் நீக்கும் மருந்தைச் சேர்த்த பிறகே தொட்டியில் விட வேண்டும். போர் தண்ணீரில் குளோரின் தொல்லை இல்லை. பெரும்பாலான இடங்களில் அது கடினமான நீராகவே, அதாவது கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த நீராகவே இருக்கும். குழாய் முனையிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்கறையே அதற்குச் சாட்சி.

பலரும் வீட்டில் ஆர்ஓ இயந்திரத்துக்காக வாங்கி வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரைத் தொட்டியில் நுழைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தக் கருவி நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை மட்டுமே மதிப்பிடும்; அது கால்சியமா, மக்னீசியமா, வெறும் சோற்றுப்பா என்று சொல்லாது. கடலோரப் பகுதியில் கிணற்றிலும் போரிலும் உவர்ப்பு ஏறியிருந்தால் டிடிஎஸ் எண் மிக உயர்ந்து காட்டும், ஆனால் அது கடின நீரை விரும்பும் ஆப்பிரிக்க மலாவி ஏரிச் சிக்லிட்டுக்கு ஏற்ற நீர் என்று பொருளாகாது. சொட்டு மருந்து வடிவில் கிடைக்கும் கடினத்தன்மை டெஸ்ட் கிட்டையும், நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் டெஸ்ட் கிட்டையும் ஒருமுறை வாங்கிவிடுவது, மீன்களை வாங்கி வாங்கி இழப்பதைவிட மலிவு. இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிலத்தடியிலிருந்து அப்போதுதான் ஏறிவந்த நீரில் கரியமில வாயு மிகுதியாகக் கரைந்திருக்கும் என்பதால், உடனே சோதித்தால் பிஎச் குறைவாகத் தெரியும். ஒரு வாளியில் பிடித்து, ஏர் பம்ப்பை இரவு முழுவதும் ஓடவிட்டு, மறுநாள் சோதித்தால் கிடைப்பதே உண்மையான அளவு.

கடினமும் காரத்தன்மையும் உள்ள நீர் வருகிறதென்றால் வருந்த வேண்டியதில்லை. சிக்லிட் உலகின் மிக வண்ணமயமான பகுதி உங்களுக்கே திறந்திருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி நீரின் பிஎச் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை இருக்கும். அந்த ஏரியிலிருந்து வந்த மீன்கள் நம் போர் தண்ணீரில் நன்றாகவே வாழும். அவற்றை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் புரிந்துகொள்வது அவசியம். பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பாறைமேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்பவை எம்புனா எனப்படும் கூட்டம். திறந்த நீரிலும் மணற்பரப்பிலும் சிறு உயிர்களை வேட்டையாடுபவை பீகாக்கும் ஹாப் வகைகளும். முன்னவை சுறுசுறுப்பும் முரட்டுத்தனமும் மிக்கவை. பின்னவற்றில் பீகாக் ஒப்பீட்டளவில் சாது. இரண்டையும் கலந்து வைத்தால் பீகாக் ஆண் மன அழுத்தத்தில் நிறத்தையே இழந்து, சாம்பல் பூத்துப்போய் ஓரமாக நிற்கும். அந்த நிறத்துக்காகவே அதை வாங்கியவருக்கு மிஞ்சுவது ஏமாற்றம்தான்.

உணவிலும் இரண்டும் ஒத்துப்போவதில்லை. பாசி தின்னும் எம்புனாவின் குடல் நீளமானது. அதற்கு ரத்தப்புழுவும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் வயிறு உப்பி, உணவை ஒதுக்கி, சில நாட்களில் இறந்துபோகும் நோய் வரலாம். ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணை உணவே அதன் அன்றாடத் தீனியாக இருக்கட்டும்.

முதன்முதலாகச் சிக்லிட் வளர்க்கும் ஒருவருக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது எம்புனாக்களிலேயே சாதுவான மூன்று இனங்களின் கூட்டணி. எலக்ட்ரிக் எல்லோ என்ற எலுமிச்சை மஞ்சள் மீன், உடல் நீலமும் வால் மஞ்சளுமாக இருக்கும் ஏசெய், துருவும் ஊதாவும் கலந்த நிறமுடைய ரஸ்டி ஆகியவையே அவை. மூன்றும் நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லை, ஒரே நீர், ஒரே உணவு, ஏறத்தாழ ஒரே குணம். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் ஒவ்வோர் இனத்திலும் ஐந்து என்று பதினைந்து மீன்கள் வரை வைக்கலாம். ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது இருந்தால், ஆணின் துரத்தல் ஒரே பெண்மேல் விழாமல் பகிர்ந்து போகும்.

இந்தக் கூட்டணியில் ஒரு பெண் எலக்ட்ரிக் எல்லோ இரண்டு மூன்று நாட்களாக உணவை ஒதுக்கினால் உடனே மருந்து பாட்டிலைத் திறக்க வேண்டாம். அருகில் சென்று அதன் தாடையைக் கவனியுங்கள். கீழ்த்தாடைத் தோல் பை போல உப்பி, வாயை முழுதாக மூடாமல், எதையோ மென்றுகொண்டே இருப்பதைப் போலத் தாடை மெல்ல அசைந்தால், அது முட்டைகளை வாயில் அடைகாக்கிறது என்று பொருள். ஏறத்தாழ மூன்று வாரங்கள் அது இப்படியே உண்ணாமல், வாய்க்குள் முட்டைகளைப் புரட்டிப் புரட்டிக் காற்றோட்டம் கொடுக்கும். முட்டைகள் பொரித்து, மஞ்சள்கரு தீர்ந்த பிறகே குஞ்சுகளை வெளியே விடும்.

கடையில் ‘மிக்ஸ்’ என்று அள்ளிக்கொடுக்கும் குஞ்சுகளில் இரண்டு இனங்களைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். பொன் மஞ்சளில் நீளவாட்டில் கறுப்புக் கோடுகளுடன் ஆரட்டஸ் குஞ்சு கண்ணைப் பறிக்கும்; ஆணாக வளர்ந்ததும் அதே மீன் கருத்து, தொட்டியின் சர்வாதிகாரி ஆகிவிடும். கென்யி அதற்கு நேர்மாறு. குஞ்சில் நீலமாக இருப்பது ஆணானால் மஞ்சளாக மாறும், முரட்டுத்தனத்தில் ஆரட்டஸுக்குச் சளைத்ததன்று. ஆகவே பெயர் தெரியாத மீனை நிறத்துக்காக வாங்கக்கூடாது. வளர்ந்த பிறகு என்ன நிறம், எத்தனை அங்குலம் என்று கடைக்காரரிடம் கேட்டு, அவரால் சொல்ல முடியாவிட்டால் அந்த மீனை விட்டுவிடலாம்.

பீகாக் வளர்ப்போர் ஆண்களை மட்டும் வைத்துத் தொட்டி அமைப்பதுண்டு. பெண் பீகாக்குகள் எந்த இனமானாலும் பழுப்பு நிறத்தில் ஒன்றுபோலவே இருக்கும்; ஒன்றாக வைத்தால் இனம் கலந்து, எந்தப் பெயரும் சொல்ல முடியாத குஞ்சுகள் பிறக்கும். பெண் இல்லாத தொட்டியில் ஆண்களின் போட்டியும் தணிந்திருக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். ஒன்றரை அங்குலப் பீகாக் குஞ்சுகள் அனைத்தும் ஒன்று விடாமல் முழு நிறத்தில் மின்னினால், ஹார்மோன் கலந்த உணவு கொடுத்து நிறம் ஏற்றியிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும். வீட்டுக்கு வந்த சில வாரங்களில் அந்த நிறம் போய்விடும். சில பேரட் மீன்களுக்கு ஊசி மூலமோ தோலைச் சுரண்டியோ சாயம் ஏற்றி விற்பது இதைவிடக் கொடியது. அப்படிப்பட்ட மீனை இரக்கப்பட்டும் வாங்க வேண்டாம். வாங்குவோர் இருக்கும்வரை அந்தத் தொழில் நிற்காது.

தென் அமெரிக்கச் சிக்லிட்கள் வேறு உலகம். அமேசான், ஓரினோகோ ஆற்று வடிநிலங்களின் மென்மையான, சற்று அமிலத்தன்மை உள்ள நீரில் தோன்றிய ஏஞ்சல், ராம், அபிஸ்டோகிராமா, டிஸ்கஸ் ஆகியவற்றோடு டெட்ரா, கோரிடோராஸ் போன்ற பிற மீன்களையும் சேர்த்து, செடிகள் நிறைந்த கலப்புத் தொட்டி அமைக்க விரும்புவோருக்கு இதுவே வழி. போர் தண்ணீருடன் ஆர்ஓ தண்ணீரைக் கலந்து, ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் ஊற்றும் பொறுமை வேண்டும். சென்னை வெப்பம் இவர்களில் சிலருக்கு உதவியே செய்கிறது. டிஸ்கஸும் ராமும் 28 முதல் 30 டிகிரி வரை உள்ள நீரையே விரும்பும். இருந்தாலும் அவை இரண்டும் முதல் மீனாக வைக்கத்தக்கவை அல்ல. நீரின் சிறு மாற்றத்துக்கும் வாடிவிடும்.

பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட ஏஞ்சல் மிதமான கடினத்தன்மையைத் தாங்கிக்கொள்ளும். நாணய அளவில் வாங்கும் அந்த மீன், துடுப்புகளோடு சேர்த்து ஒரு சாண் உயரத்துக்கு வளரும் என்பதால் தொட்டிக்கு நீளத்தைப் போலவே உயரமும் வேண்டும். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்குள் நியான் டெட்ரா எளிதில் போய்விடும். உடல் சற்று உயரமான லெமன் டெட்ரா போன்றவை பாதுகாப்பானவை. டைகர் பார்ப்பை மட்டும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், ஏஞ்சலின் நீண்ட துடுப்புகளை அது விட்டுவைக்காது.

கலப்புத் தொட்டிக்கு ஒரே ஒரு சிறிய சிக்லிட் போதும் என்போருக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் அருமையான தேர்வு. நான்கு அங்குலத்துக்குமேல் வளராது, நீரைப் பற்றி அதிகம் பிணங்காது. முட்டையிடத் தயாரான பெண்ணின் வயிறு செர்ரிப் பழ நிறத்தில் சிவக்கும். அது உடலை வில்லாக வளைத்து, அந்தச் சிவப்பை ஆணின் கண்முன் காட்டியபடி நடுங்கும். பிறகு இரண்டும் கவிழ்த்து வைத்த சிறு மண் சட்டிக்குள் புகுந்துகொள்ளும். குஞ்சுகள் வெளியே வந்த நாள் முதல் தொட்டியின் தரைப்பகுதியில் பாதி அவற்றுக்கே சொந்தம். ஆகவே ஒரு ஜோடிக்குமேல் வைக்கக்கூடாது, தரையில் மேயும் கோரிடோராஸை அத்தொட்டியில் தவிர்ப்பது நல்லது. மேல்மட்டத்தில் நீந்தும் மீன்களுக்கு ஆபத்தில்லை.

மத்திய அமெரிக்காவின் ஃபயர்மவுத், கான்விக்ட், ஜாக் டெம்ப்சி ஆகியவை கடின நீரை விரும்புபவை, முரடர்களும்கூட. இவற்றில் ஃபயர்மவுத் மிரட்டலோடு நிறுத்திக்கொள்ளும் வகை. செவுள் மூடியை விரித்து, தொண்டையின் செந்நிறத்தை ஊதிக் காட்டினாலே எதிரி விலகிவிடுவான் என்று நம்பும். கான்விக்ட் அப்படியன்று, ஜோடி சேர்ந்துவிட்டால் தன்னைவிடப் பெரிய மீனையும் விரட்டும். ஃப்ளவர்ஹார்ன் தனியாகத்தான் வாழ வேண்டும். ஓரடி வளரும் ஆஸ்காரையும் சிறிய தொட்டியில் எதனுடனும் சேர்க்க இயலாது.

நம் மண்ணின் சிக்லிட்டையும் சொல்லாமல் இருக்க முடியாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் ஆரஞ்சு குரோமைடு மூன்று அங்குலம் வளரும் பொன்னிற மீன். கேரளத்தார் கரிமீன் என்று போற்றும் பெரிய மீனின் உறவு. இயற்கையில் இது கரிமீனின் உடலில் ஒட்டியிருப்பவற்றைக் கொத்தித் தின்று சுத்தம் செய்வதும் உண்டு. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோரப் பகுதிகளில் உவர்ப்புத் தண்ணீரோடு போராடுவோர், மோலி மீன்களோடு இதை ஒரு சிறு கூட்டமாக வளர்க்கலாம். அயல்நாட்டு நிறங்களுக்குக் கொடுக்கும் மதிப்பில் சிறிதாவது இதற்கும் கிடைத்தால் மகிழ்வேன்.

தொட்டியை அமைப்பதில் சிக்லிட்டுக்கென்று சில விதிகள் உண்டு. நான்கடித் தொட்டி ஏறத்தாழ 255 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே கால் டன் எடை என்பதால் அதற்கென்றே செய்த ஸ்டாண்டில்தான் வைக்க வேண்டும். கற்களைக் கண்ணாடித் தரையின்மேல் ஒரு மெல்லிய தெர்மகோல் தகடு போட்டு நேரடியாக அடுக்கி, பிறகு மணலை இட வேண்டும். மணலின்மேல் கல்லை வைத்தால் சிக்லிட் அடியில் குழி பறித்துக் கல்லைச் சரித்துவிடும். துரத்தப்படும் மீன் ஒரு வளைவுக்குப் பின்னால் மறைந்தால் துரத்தும் மீன் மறந்துவிடும். ஆகவே ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியாதபடி கற்கள் உயர்ந்திருக்கட்டும். காரத்தன்மை குறைவாக இருந்தால் ஃபில்டரில் கிளிஞ்சல் போடலாம். பவளத் துண்டுகளைத் தேட வேண்டாம். அவை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை.

புதிய தொட்டியில் நன்மை செய்யும் பாக்டீரியா பெருகி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்க நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பிஎச் உயர உயர அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடும் என்பதால், மலாவித் தொட்டி வைப்போர் இந்தக் காத்திருப்பில் அவசரப்படவே கூடாது. சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. கவலை எல்லாம் மே மாதத்தில்தான்: நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும், அப்போது மின்சாரமும் நின்றால் மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து தவிக்கும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும்; மேல்மூடியைத் திறந்து வைத்து நீர்ப்பரப்பின்மேல் மின்விசிறிக் காற்று படச் செய்தால் ஓரிரு டிகிரி குறையும்.

மீன்களை விடும்போது சாதுவானவற்றை முதலிலும் முரட்டு இனத்தைக் கடைசியிலும் விட வேண்டும். பின்னர் புதிய மீன் சேர்க்கும் நாளில் கற்களை இடம் மாற்றி அடுக்கி, விளக்கை அணைத்துவிட்டால் பழைய எல்லைகள் குலைந்து, எல்லோரும் புதிதாகத் தொடங்குவார்கள். முதல் சில வாரங்களில் உணவு போடும் நேரத்தில் ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகப் பாருங்கள். உணவுக்கு வராமல் மேல் மூலையில் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்பதும், வால் நுனி கிழிந்து வெளுத்திருப்பதும் துன்புறும் மீனின் அறிகுறிகள். ஒத்துவராத மீனை ஏரியிலோ குளத்திலோ விடக்கூடாது; டேங்க் கிளீனர் மீன்கள் நம் நீர்நிலைகளில் பெருகியது இப்படி விட்டதால்தான். அதைக் கடையில் திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கும் வேறொருவரிடம் கொடுங்கள். அதற்கு முன் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். அடி வாங்கும் மீனை எடுத்தால் முரடன் அடுத்த மீனைத் தேடிக்கொள்வான். எனவே முரடனையே பிடித்து, ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, அதற்குள் கற்களை முழுவதும் மாற்றி அடுக்கி, மற்ற மீன்கள் இடம் பிடித்துக்கொண்ட பிறகு இரவில் விளக்கை அணைத்துவிட்டு அதைத் திரும்ப விட வேண்டும்.